டெல்டா எரிவாயு: எரிப்பதா, மூலப்பொருளாக்குவதா?

குத்தாலத்தான்:
நம் பகுதிக் கிணறுகளில் எடுக்கும் எரிவாயு குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் மின்சாரத்துக்காக எரிக்கப்படுகிறது. அதையே மெத்தனால் என்னும் மூல வேதித் திரவமாக மாற்றினால் பார்மலின், அசிட்டிக் அமிலம், ஒட்டுப்பலகைப் பசை என அடுத்தடுத்த தொழில்கள் வளருமே. அசாமின் நாம்ரூப்பில் செய்வதை நாம் ஏன் செய்யக்கூடாது?

வெண்ணாற்றங்கரை:
எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன்; அது எளிதில் மசியாத வாயு, ஐயா. ஆக்ஸிஜனோடு நேரடியாகச் சேர்த்தால், உருவாகும் மெத்தனால் மீத்தேனைவிட விரைவாக வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடுகிறது. அதனால்தான் ஆலைகள் சுற்றுவழியில் போகின்றன: நீராவியோடு கலந்து, 800 டிகிரிக்கு மேல் நிக்கல் வினையூக்கியில் செலுத்தி, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிரித்து, அவற்றைத் தாமிர வினையூக்கியில் சுமார் 250 டிகிரியில் உயர் அழுத்தத்தில் மீண்டும் இணைக்கின்றன. முதலீட்டில் பெரும்பகுதியை அந்த முதற்கட்டமே விழுங்கிவிடும். சிதறிக் கிடக்கும் சிறு கிணறுகளை நம்பி யார் பணம் போடுவார்கள்?

கடைமடை ஆசிரியை:
இடையில் ஒரு செய்தி. நம் நெல்வயல் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், இரும்பு அல்லது தாமிரம் கொண்ட நொதியால், சாதாரண வெப்பநிலையிலேயே மீத்தேனை மெத்தனாலாக்குகின்றன. ஆனால் அதைச் சேர்த்து வைக்காமல் தாமே உண்டுவிடுகின்றன.

குத்தாலத்தான்:
அளவைப் பற்றிய அச்சம் மிகை. நாம்ரூப்பின் புதிய ஆலை நாளொன்றுக்கு 500 டன் திறனுடையது. ஒரு டன் மெத்தனாலுக்கு ஏறத்தாழ 900 கன மீட்டர் எரிவாயு என்று வைத்தாலும் நாளுக்கு 4.5 லட்சம் கன மீட்டர் போதும். 100 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் முழுத்திறனில் ஓடினால் நாளுக்கு ஏறத்தாழ அவ்வளவு வாயு செலவாகும்.

வெண்ணாற்றங்கரை:
இன்றைய கணக்கு சரி. கிணறு ஆண்டுதோறும் வற்றும். ஆலையோ 20 ஆண்டாவது ஓடினால்தான் கடன் தீரும். 2020ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் இங்கே புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. ஆலைக்குப் பசி எடுத்ததும் அந்தச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லித்தான் குரல் எழும். எரிவாயுக் கிணறுகளை எதிர்த்து நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்கள் அதற்குள் மறந்துவிட்டனவா?

குத்தாலத்தான்:
வற்றும் கிணற்றுக்கு என்னிடம் விடையில்லை. இங்கே ஆலை வேண்டும் என்பதைக் கைவிடுகிறேன். ஆனால் இராமநாதபுரத்து எரிவாயு குழாய் வழியே தூத்துக்குடிக்குப் போகிறது. அங்குள்ள உர ஆலை அதில் அமோனியாவும் யூரியாவும் தயாரிக்கிறது. நம் வாயுவும் அப்படிப் போனால் சம்பாவுக்கு இடும் யூரியாவாகத் திரும்பி வருமே.

வெண்ணாற்றங்கரை:
புதிய கிணறு தோண்டாமல் என்றால் மறுப்பில்லை. அந்தக் குழாய் யார் வயலில் போகும் என்பதை முதலில் சொல்லுங்கள்.