தளி பக்கம் ராகி முளைச்சாச்சு, அரூர்ல இப்ப வெதைக்கலாமா?

அரூர்_மானாவாரி:
வணக்கங்க. தர்மபுரி மாவட்டம் அரூர்ல, தீர்த்தமலை ரோட்டுல எங்களுக்கு 3 ஏக்கர் மானாவாரி காடு, செம்மண்ணு. மச்சான் கிருஷ்ணகிரி மாவட்டம் தளி பக்கம் இருக்காரு, அங்க கோடையில இருந்தே விட்டு விட்டு பேஞ்சு ராகி முளைச்சும் வந்துருச்சாம், நீயும் ஆடிலயே போடுன்னு தெனம் போன் பண்றாரு. இங்க ஒரு உழவு மழையோட சரி, நாலு விரக்கடை தோண்டுனா புழுதிதான் வருது. நெட்ல பாத்தா தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுக்கும் வருசத்துக்கு 800, 850 மி.மீ.னு ஏறக்குறைய ஒரே அளவுதான் போட்டிருக்கு. அப்புறம் ஏன் இப்படி?

செம்மண்காடு:
அந்த சராசரிய நம்பி வெதைய கொட்டிராதீங்க. தளி, ஓசூரெல்லாம் கர்நாடகாவ ஒட்டின மேட்டு பூமி, சித்திரை வைகாசியில இடி மழையும் அப்புறம் தென்மேற்கு மழையும் நல்லா கிடைக்கும். நம்ம அரூர், ஊத்தங்கரை கீழ இருக்கு, வங்கக்கடல்ல புயல் சின்னம் வந்தா இங்கதான் கொட்டும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப ஒரே நாள்ல ஊத்தங்கரையில 50 செ.மீ., அரூர்ல 33 செ.மீ. அதுவும் வருச கணக்குல சேந்துரும், ஆனா பயிருக்கு என்ன பிரயோஜனம், வரப்ப ஒடச்சு மேல்மண்ண அள்ளிட்டு போனதுதான் மிச்சம். எவ்வளவு பேஞ்சுதுங்கறத விட எந்த மாசம், எத்தன நாள் பேஞ்சுதுன்னு பாக்கணும்.

பாலக்கோட்டான்:
அண்ணன் சொல்றது சரி. ஒரு உழவு மழைக்கு வெதைச்சா முளைச்சு வந்து கருகிரும், வெதையும் போச்சு கூலியும் போச்சு. சரிவுக்கு குறுக்க உழுது போட்டு காத்திருங்க, அடுத்த நல்ல மழைக்கு ராகியும் இடையில துவரை சாலும் போடலாம். ஆவணியும் தள்ளிப்போச்சுன்னா ராகிய விட்டுட்டு புரட்டாசில கொள்ளு போடுங்க, அது கம்மி ஈரத்துலயும் வந்துரும். அப்புறம் காட்டுல அடி தட்டையா, பக்கம் நேரா இருக்குற டப்பா ஒண்ண மரத்த விட்டு தள்ளி வெச்சு, மழை விட்டதும் ஸ்கேல்ல அளந்து நோட்டுல எழுதுங்க. 1 செ.மீ. தண்ணி நின்னா 10 மி.மீ. மழை. நாலஞ்சு வருசம் எழுதுனா உங்க காட்டோட கணக்கு உங்க கையில இருக்கும்.

அரூர்_மானாவாரி:
ரொம்ப நன்றிங்க, மச்சான் கிட்ட சொல்லிடறேன். கொள்ளு வெதை எங்க நல்லதா கிடைக்கும்?

செம்மண்காடு:
காவேரிப்பட்டணம் பக்கத்துல பையூர் ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க, பையூர் 2ங்கற கொள்ளு அவங்க ரகம்தான். போறதுக்கு முன்னாடி இருப்பு இருக்கான்னு போன் பண்ணிருங்க.