மீளாத தோல்வியும் விசுவாசமும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டை உறுப்பினர்:

எங்கள் சேகரத்தில் (திருச்சபை வட்டாரத்தில்) புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஒரு தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அரசுப் பணிக்கான குரூப் ஒன்று முதன்மைத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஆண்டில் எனக்கு வந்த அட்டையில், கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்னும் உபாகமம் 28:13 அச்சாகியிருந்தது. என் தாயார் அதை வாங்கிப் பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தார்கள். முடிவு வெளியானபோது பட்டியலில் என் பதிவெண் இல்லை. வயது வரம்பும் கடந்துவிட்டதால் மறுபடி எழுத வழியும் இல்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களில் சிலர், இதைவிடப் பெரியதைக் கர்த்தர் வைத்திருக்கிறார் என்றார்கள். வேறு சிலர், ஜெபத்தில் எங்கோ குறை இருக்கிறது, உன்னையே ஆராய்ந்து பார் என்றார்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் மூவரும் ஏழு நாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள் என்பதும், பேசத் தொடங்கிய பிறகே காரியம் கெட்டது என்பதும் எனக்கு அப்போது நன்றாகவே விளங்கின.

ஒரு நாள் மாலை, என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தை அறிந்த, ஓய்வுபெற்ற உபதேசியார் (சபை ஊழியர்) ஒருவர் வந்தார். ஜெபம் பண்ணலாமா என்றுகூட அவர் கேட்கவில்லை, "சாப்பிட்டியாடே?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் தாயாரிடம் தோசை ஊற்றச் சொல்லி, நான் சாப்பிட்டுக் கை கழுவும்வரை எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகே 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்தார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே அரசி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிச் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். அவனிடம் வந்த தூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. புசித்துக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான், அதற்காக அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை, இரண்டாம் முறை எழுப்பப்பட்டபோதும் சாப்பிடச் சொல்லித்தான் எழுப்பப்பட்டான். இங்கே உனக்கு என்ன காரியம் என்னும் கேள்வி, அவன் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது.

அட்டையைக் காட்டி, அப்படியானால் இது என்ன என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அந்த அதிகாரம் முழுவதும் மோசே இஸ்ரவேல் ஜனத்துக்கு உடன்படிக்கையின் நிபந்தனைகளோடு சொன்னது என்றும், முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம், 15 முதல் 68 வரை சாபம் என்றும், 44ஆம் வசனத்தில் தலையும் வாலும் இடம் மாறிவிடுகின்றன என்றும் காட்டிய அவர், "அந்த வசனத்தை எவனும் அட்டையில போட மாட்டாம்ல" என்று சிரித்தார். அட்டையைக் கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு அதே இடத்தில் வை என்றார்.

தூத்துக்குடி உறுப்பினர்:

தம்பி எழுதியதைப் படித்தபோது, தேர்வில் தோற்றவருக்கு இல்லாத ஒரு சங்கடம் கடையில் தோற்றவனுக்கு உண்டு என்று தோன்றியது. என் துணிக்கடையை மூடியபோது எனக்குக் கடன் கொடுத்திருந்தவர்களில் இருவர் எங்கள் சபையார். அவர்களில் ஒருவர் சபையின் பொருளாளர். ஞாயிறுதோறும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருந்ததால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன் எழுந்து போய்விடுவேன். பிறகு போவதையே நிறுத்திவிட்டேன்.

பொருளாளர் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கடனைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாளைக்கு ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ண ஆள் போதவில்லை, வந்துவிடு என்றார். கடனில் மூழ்கியவனைச் சபைப் பணத்தின் முன்னால் உட்கார வைப்பதா என்று நானே கேட்டுவிட்டேன். கணக்கு உனக்குத் தெரியும் அல்லவா என்பதோடு முடித்துக்கொண்டார். மறுநாள் ஆலயத்தின் பக்க அறையில், பத்து ரூபாய்த் தாள்களை நீவிக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டிருந்தபோது என் விரல்கள் நடுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கும், எதுவும் சொல்லவில்லை. கடனையும் அவர் தள்ளுபடி செய்யவில்லை. மாதாமாதம் கொடுத்துத்தான் அடைத்தேன், அதுவே எனக்கு மரியாதையாகவும் இருந்தது.

பம்பிலியாவில் வேலையை விட்டுத் திரும்பிப் போன உடன் ஊழியனான மாற்குவை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று பவுல் மறுத்ததும், அதனால் பர்னபாவும் அவரும் பிரிந்ததும் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் உள்ளன. அதே பவுல் பின்னாளில் சிறையிலிருந்து, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். இடைப்பட்ட காலத்தில் பர்னபா அவனைக் கப்பலேற்றிச் சீப்புரு தீவுக்கு அழைத்துப் போயிராவிட்டால் அந்த வரி எழுதப்பட்டிருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நாகப்பட்டினம் உறுப்பினர்:

மேலே எழுதிய இருவரும் ஒருவாறு எழுந்துவிட்டார்கள். எழாதவற்றைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பிள்ளைகளுக்காக நாங்கள் சிலர் நடத்திய மாலை வகுப்பு, நிவாரண உதவிகள் நின்றதோடு ஆசிரியர்கள் ஒவ்வொருவராக விலகி, மூடப்பட்டது. திரும்பத் திறக்கப்படவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடியிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்தில், ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்குவின் கல்லறை அருகே, வயதான ஆயர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். 1706இல் கரையிறங்கி, டேனியத் தளபதியால் நான்கு மாத அளவு சிறையில் வைக்கப்பட்டு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்ற அளவில்தான் ஞாயிறு பள்ளியில் நாங்கள் அவரைப் படித்திருந்தோம். கடைசிக் காலத்தில் அவருடைய ஊழிய முறையையே கண்டித்துக் கோபன்ஹேகனிலிருந்த மிஷன் தலைமையிடமிருந்து கடிதம் வந்ததையும், 1719இல் 36 வயதில் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றிருந்ததையும் அந்த ஆயர் சொல்லித்தான் அறிந்தேன். மீதியை முடித்தவர் பின்னால் வந்த மிஷனெரி சூல்சே. "உங்கள் வகுப்புக்கும் ஒரு சூல்சே வருவார் என்று நான் சொல்ல மாட்டேன் அம்மா, எனக்குத் தெரியாது" என்றார் ஆயர். வந்த ஆறுதல்களிலெல்லாம் எனக்கு நம்பத் தகுந்ததாக இருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுபவர்கள் எல்லோரும் வெற்றியில்தான் முடிக்கிறார்கள். லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) வெள்ளிக்கிழமை ஒன்றில், இன்னும் முடியாத காரியத்தை மட்டும் சொல்லலாம் என்று ஒருமுறை வைத்துப் பார்த்தோம். வெகுநேரம் ஒருவரும் எழவில்லை, பிறகு மணி ஒன்பதரையாகியும் கூட்டத்தை முடிக்க முடியவில்லை. வேறு சபைகளில் இப்படி நடத்துகிறவர்கள் இருந்தால், எப்படி நடத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.