வண்டியில் வழிகாட்டி, போன் இணைப்பு, டயர் காற்று சென்சார்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பைக்கில் தொலைதூரம் போகும் நண்பர்களுக்கு வணக்கம். இந்த மூன்றையும் சேர்த்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மூன்றுமே வாங்கி மாட்டியதோடு முடிகிற சமாச்சாரம் இல்லை, தொடர்ந்து கவனிப்பு கேட்பவை. என்னை அதிகம் அலைக்கழித்தது டயரின் காற்றழுத்தத்தை அளந்து காட்டும் சென்சார்தான், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னுடையது வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் வகை. பின் டயரில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்தால் மறுநாள் காலை 31, அதற்கடுத்த நாள் 29. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றினார், சென்சாரைத் திருகி எடுத்து ஓரமாக வைத்தார், தொட்டித் தண்ணீரில் முக்கிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குமிழ்கூட வரவில்லை. “டயர் நல்லா இருக்கு சார்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் சென்சாரை மறுபடி மாட்டியதும் காற்று மறுபடி இறங்கியது. வேறொரு கடையிலும் இதே கதை.

கடைசியில், சென்சார் மாட்டியபடியே வால்வைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினேன். சென்சார் மூடியின் அடிவிளிம்பில் கடுகளவுகூட இல்லாத குமிழ்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. விஷயம் இதுதான்: காற்றை அளக்க வேண்டுமென்றால் அந்த மூடி வால்வுக்குள் இருக்கும் ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது வால்வு திறந்தே இருக்கிறது; காற்றைத் தடுத்து நிற்பது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் மட்டும்தான். அதில் மண் ஏறினாலோ விரிசல் விட்டாலோ கசியும். கடையில் முதலில் கழற்றுவதே சென்சாரைத்தான் என்பதால், கசிவும் அதோடு போய்விடுகிறது. வளையத்தை மாற்றினேன், இறக்கம் நின்றது. இப்போதெல்லாம் சென்சாரின் பேட்டரியை மாற்றும்போதே வளையத்தையும் சேர்த்து மாற்றிவிடுகிறேன்.

இன்னொன்று. 10 கிராம் எடையுள்ள மூடி, வண்டி 100 கி.மீ. வேகத்தில் போகும்போது ஏறக்குறைய ஒன்றரை கிலோ விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும். வேகம் இரட்டித்தால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். ரப்பர் வால்வு இதைத் தாங்கித் தாங்கி அடிக்கழுத்தில் வெடிப்பு விடும். திருகும் வகை சென்சார் போடுகிறவர்கள் உலோக வால்வுக்கு மாறிவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பதில்:

அண்ணா, என் வண்டியில் சென்சார் ரிம்முக்குள் இருக்கிறது, வளையத் தொல்லை இல்லை. ஆனால் டயர் மாற்றும்போது உயிர் போய் உயிர் வரும். டயரை ரிம்மிலிருந்து நெம்பும் கம்பி வால்வுப் பக்கம் இறங்கினால் சென்சார் உடைந்துவிடும். வேலையைத் தொடங்கும் முன்பே “வால்வுகிட்ட கம்பி போடாதீங்க, உள்ளே சென்சார் இருக்கு” என்று சொல்லி, அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடும் போட்டுவிடுவேன். பஞ்சர் திரவம் ஊற்றுவதிலும் கவனம் வேண்டும், அது சென்சாரின் சின்னத் துளையை அடைத்துவிடலாம்.

இந்த வகையில் பேட்டரி பெரும்பாலும் உள்ளேயே வைத்து மூடப்பட்டிருக்கும். தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். அது சாகப்போவது குளிர்ந்த காலையில் முதலில் தெரியும். எண் வர வேண்டிய இடத்தில் கோடுகள் வரும், கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் எண் திரும்பிவிடும். டயர் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுங்கள், ஒரே வேலையோடு போகும்.

பதில்:

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டயரின் சூடு 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும். பி.எம்.டபிள்யூ வண்டிகளில் திரையில் வருவது, டயர் 20 டிகிரியில் இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்ட எண், அதுவும் சக்கரம் 30 கி.மீ. வேகம் தாண்டிய பிறகுதான் வரும். ஓடி வந்து நின்றதும் கையில் இருக்கும் காற்றழுத்தக் கேஜை வைத்தால் அது அதிகமாகக் காட்டும். இரண்டுமே சரிதான், அளக்கும் விதம் வேறு. அதைப் பார்த்துச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை டயர் ஆறியதும் குறைவான காற்றோடு கிளம்புவீர்கள்.

பதில்:

என் பிரச்சினை வேறு. மீட்டரில் வழிகாட்டும் அம்புக்குறி பாதி வழியில் உறைந்து நிற்கிறது. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகும் பழைய அம்புதான். மீட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்:

தம்பி, மீட்டரைத் தொடாதீர்கள். அம்புக்குறியை அனுப்புவது போனில் இருக்கும் செயலிதான். பாக்கெட்டில் திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்த போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று வையுங்கள். எனக்கு முக்கால்வாசித் தொல்லை இதிலேயே தீர்ந்தது. அப்படியும் இணைப்பு அறுந்தால் ப்ளூடூத் ஜோடியைப் போன், மீட்டர் இரண்டிலும் அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கம் பழைய இணைப்பின் ரகசியக் குறியீட்டையே வைத்துக்கொண்டு தகராறு பண்ணும்.

சிக்னல் இல்லாத மலைப்பாதையில் வழி தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜி.பி.எஸ்.ஸுக்கு நெட்வொர்க் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. போகும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போதும். நெரிசல் தகவல் மட்டும் கிடைக்காது.

பதில்:

நான் போனை ஹேண்டில்பாரிலேயே மாட்டி ஓட்டினேன். கொஞ்ச நாளில் கேமரா குவிய மறுத்தது, எதை எடுத்தாலும் படம் நடுங்கியது. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வைக் குறைக்கும் ஹோல்டர் ஓரளவு உதவும். ஆனால் உச்சி வெயிலில் நேராகக் காய்ந்துகொண்டே சார்ஜும் ஏறும்போது போன் சூடாகித் திரை மங்கிவிடுகிறது, சார்ஜ் ஏறுவதும் நின்றுவிடுகிறது. வழி தெரிய வேண்டிய நேரத்தில் திரை தெரிவதில்லை. அதனால் இப்போது போன் ஜாக்கெட்டுக்குள், குரல் மட்டும் ஹெல்மெட்டில். குறுக்குத்தெருக்கள் நிறைந்த ஊருக்குள் நுழையும்போது மட்டும், கேமரா ஏற்கெனவே போன அந்தப் பழைய போனை ஹோல்டரில் மாட்டிக்கொள்கிறேன்.