60,000 ரூபாய்க்குள் கேமிங் கணினி: எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. தம்பிக்கு பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கேமிங் கணினி சேர்க்கப் போகிறேன். மானிட்டர் இருக்கிறது, 1080பி தெளிவுத்திறன் போதும். வாலரன்ட், ஜிடிஏ 5 தான் அதிகம் ஆடுவான்.

ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம் (8 ஜிபி இரண்டு) என்று யோசித்திருக்கிறேன். ஆனால் இந்தப் பிராசசர் பொருந்தும் ஏஎம்4 பழைய சாக்கெட். அதற்குப் பதில் புதிய ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டில் ரைசன் 5 8600ஜி பிராசசர் போட்டு, அதன் உள்ளமைந்த கிராஃபிக்ஸிலேயே ஓட்டிவிட்டு, அடுத்த வருடம் கார்டு வாங்கலாமா? அதற்குத் தேவையான டிடிஆர்5 ரேம் விலைதான் யோசிக்க வைக்கிறது. இப்போதே நன்றாக ஓட வேண்டும் என்பதால் என் மனம் முதல் பட்டியல் பக்கம்தான்.

பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க மாட்டேன். எங்கள் தெருவில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். 550 வாட் போதுமா? வீட்டிலுள்ள 600 விஏ யுபிஎஸ் தாங்குமா? அப்புறம், சென்னை ரிச்சி தெருவில் அண்மையில் வாங்கியவர்கள் விலை நிலவரம் சொன்னால் பெரிய உதவி.