மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் மூடிய நூல்: 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பற்றி ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு?

மழைக்காகம் (கேள்வி):

வணக்கம். ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் மூடி வைத்துவிட்டேன். பாதி என்பதுகூட மிகைதான். முதல் முறை, கதை தொடங்குவதற்கு முன்பே வரும் முகவுரையில், ஹாபிட்கள் என்ற குள்ள மனிதர்கள் புகைக்கும் இலை எந்த ஊரில் முதலில் பயிரானது என்ற ஆராய்ச்சியிலேயே களைத்துப்போனேன். இரண்டாம் முறை, நீலச் சட்டையும் மஞ்சள் காலணியுமாகப் பாடிக்கொண்டே வரும் டாம் பாம்படிலிடம் அகப்பட்டுக்கொண்டேன். மூன்றாம் முறை எப்படியோ எல்ராண்டின் இல்லம் வரை போய்ச் சேர்ந்தேன். அங்கே கூடிய சபையில் ஒவ்வொருவராகத் தத்தம் நாட்டுச் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

என் நண்பர்களில் இருவர் இதை முழுவதும் படித்தவர்கள். ஒருவர் ஆண்டுக்கொரு முறை மீண்டும் படிக்கிறார். மற்றவர் பேச்செடுத்தாலே முகம் சுளிக்கிறார். விந்தை என்னவென்றால், நூலின் சிறப்புக்குச் சான்றாக முதலாமவர் எந்த அத்தியாயங்களைக் காட்டுகிறாரோ, அவற்றையேதான் அதன் குறைக்குச் சான்றாக இரண்டாமவரும் காட்டுகிறார். 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று திரைப்படங்களையும் நான் பார்த்துவிட்டதால் முடிவு தெரியும். எதையும் மறைத்துப் பேச வேண்டியதில்லை. நான்காம் முறை தொடங்கலாமா, தொடங்கினால் எதையெல்லாம் தாண்டிச் செல்லலாம், பிடிக்காதவர்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சற்று விரிவாக எழுதினால் நன்றாக இருக்கும். பொறுமை வேண்டும் என்ற அறிவுரையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

பழைய அலமாரி:

உங்கள் நண்பர்களின் சண்டைக்கும் நூலுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. மூன்றாம் தொகுதி 1955 அக்டோபரில் வந்தது. அடுத்த ஜனவரியில் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் நியூயார்க் டைம்ஸில் எழுதிய மதிப்புரையில், இந்த நூலை முன்னிட்டு நடந்ததைப் போன்ற கடுமையான வாக்குவாதங்கள் தமக்கு வேறு நூல்களால் நேர்ந்ததாக அதிகம் நினைவில்லை என்றும், இதைப் பற்றி மிதமான கருத்துடையவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை என்றும் குறிப்பிட்டார். அவர் போற்றிய கட்சி. அதே ஆண்டு ஏப்ரலில் விமர்சகர் எட்மண்ட் வில்சன் தி நேஷன் இதழில், தம் ஏழு வயது மகளுக்கு நூல் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டியதாகச் சொல்லிவிட்டு, இது வளர்ந்தவர்கள் படிக்கும் சிறுபிள்ளைக் குப்பை என்ற பொருள்பட எழுதினார். அவ்வளவு வெறுத்த ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை உரக்கப் படித்த அந்த மனிதரை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

டோல்கீனும் இதை அறிந்தே இருந்தார். ஒருவர் குறை என்று சொல்லும் பகுதிகளை வேறொருவர் தனித்தெடுத்துப் பாராட்டியிருப்பதை வாசகர் கடிதங்களில் கண்டதாக இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார். பிறர் சுட்டிய குறைகளில் தாமும் ஒப்புக்கொள்வது ஒன்றே ஒன்று என்கிறார்: நூல் மிகவும் சிறியதாகப் போய்விட்டது. இதைக் கேட்டதும் மழைக்காகம் நான்காம் முறையும் புத்தகத்தை மூடிவிடக் கூடாது.

பாம்படில் விஷயத்துக்கு வருகிறேன். அவர் இந்தக் கதைக்காகப் பிறந்தவர் அல்லர். 1934-இல் வெளிவந்த ஒரு கவிதையிலேயே இருப்பவர். ஆகவே அவரைக் கொண்டுவந்து இங்கே ஒட்டிவைத்திருக்கிறார் என்ற குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அவர் வரும் மூன்று அத்தியாயங்களைத் தாண்டிச் சென்றால் ஒரு வாளை இழந்துவிடுவீர்கள். பழைய கல்லறை மேட்டில் சிக்கிக்கொண்ட நான்கு ஹாபிட்களையும் மீட்ட பின், அங்கிருந்த புதையலிலிருந்து ஆளுக்கொரு நீண்ட கத்தியை எடுத்துக் கொடுப்பவர் பாம்படில்தான். அங்மார் என்ற நாட்டை ஆண்ட சூனியக்கார மன்னனோடு பன்னூறு ஆண்டுகளுக்கு முன் போரிட்டவர்கள் செய்த ஆயுதங்கள் அவை. பல நூறு பக்கங்கள் கடந்து, பெலென்னார் போர்க்களத்தில் அதே மன்னனின் முழங்காலுக்குப் பின்புறம் அந்த நால்வரில் ஒருவனான மெர்ரி குத்துவது அந்தக் கத்தியால்தான். வேறெந்த வாளும், எத்தனை பெரிய வீரன் வீசியிருந்தாலும், அப்படியொரு காயத்தை உண்டாக்கியிருக்காது என்கிறது நூல்; நெடுங்காலத்துக்கு முன் அதை மெல்ல மெல்ல அடித்து உருவாக்கியவன் இந்த முடிவை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பான் என்றும் ஒரு வரி வருகிறது. திரைப்படத்தில் இந்த வாள்களை, ஹாபிட்களுக்கு வழித்துணையாக வரும் வீரர் அரகோர்ன் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுக்கிறார். அங்கே அது வெறும் வாள்.

உப்பளம்:

பிடிக்காதவர்களையும் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். நான் இருமுறை முழுவதும் படித்திருக்கிறேன். சலிப்பு என் புகார் அன்று. முகவுரையும் வம்சாவளிகளும்கூட எனக்குப் பிடிக்கும்.

பெண்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. போர்க்களம் புகும் எயோவின் போன்ற ஒரு பாத்திரத்தைப் படைக்கத் தெரிந்தவர், அரகோர்னை மணக்கும் ஆர்வென்னின் காதல் கதையைக் கொண்டுபோய்ப் பின்னிணைப்பில் வைத்தார் என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன். என்னை உறுத்துவது ஓர்க்குகள், அதாவது எதிரியான இருளரசன் சௌரோனின் படையில் இருக்கும் இனம். மூன்று தொகுதிகளுக்குள் ஆறு பாகங்கள் உண்டு; அவற்றில் நான்காம் பாகத்தின் இறுதியில் ஷாக்ராட், கோர்பாக் என்ற இரண்டு ஓர்க் தலைவர்கள் நடந்துகொண்டே பேசுவதை, மோதிரத்தை அழிக்கச் செல்லும் ஹாபிட் ஃப்ரோடோவின் துணைவனான சாம் ஒளிந்திருந்து கேட்கிறான். போர் முடிந்ததும் நம்பிக்கையான சில பையன்களைச் சேர்த்துக்கொண்டு, மேலதிகாரிகளின் தொல்லை இல்லாத ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்விடலாம் என்று அவர்கள் திட்டமிடுகிறார்கள். எந்தப் படையிலும் கடைநிலையில் இருப்பவன் பேசும் பேச்சு அது. 1916-இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர் என்பதால் டோல்கீனின் காதுக்கு அது பழகியதாகவே இருந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சை அவ்வளவு துல்லியமாக எழுதிய அதே கை, ஹெல்ம்ஸ் டீப் கோட்டையில் அரகோர்னின் தோழர்களான லெகோலஸும் கிம்லியும் யார் அதிக ஓர்க்குகளைக் கொன்றார்கள் என்று போட்டியிட்டு எண்ணுவதையும் எழுதுகிறது: கிம்லி 42, லெகோலஸ் 41. மோதிரத்துக்கு அடிமையாகிப்போன கோல்லும் மீது காட்டிய இரக்கத்தால்தான் உலகமே தப்பிக்கிறது என்று சொல்லும் ஒரு நூலில், ஓர் ஓர்க்கின் மீதாவது எவராவது இரக்கம் காட்டினார்களா என்று தேடிப் பாருங்கள். (கோல்லும் பெயரைத் தமிழில் எழுதுவது பெரும்பாடு. கோலம் என்றால் வாசலில் போடுவதாகிவிடுகிறது. கொல்லம் என்றால் ஊராகிவிடுகிறது.)

ஒரு விதிவிலக்கையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையன்று. இத்திலியன் காட்டில், தென்திசையிலிருந்து எதிரிக்காகப் போரிட வந்த ஒரு வீரன் கழுத்தில் அம்பு தைத்துச் சாமின் அருகே வந்து விழுகிறான். அவன் பெயர் என்ன, உண்மையிலேயே அவன் தீயவனா, எந்தப் பொய்யோ மிரட்டலோ அவனை ஊரைவிட்டு இவ்வளவு தூரம் நடத்திவந்தது என்று சாம் யோசிக்கிறான். கறுத்த மனிதர்களை எதிரியின் பக்கமே நிறுத்திவைத்திருக்கும் இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த பத்தி அதுதான். ஒரே ஒரு பத்தியாக இருப்பதுதான் என் கோபமும்.

யாப்புப் பித்தன்:

பாடல்களைத் தாண்டிவிடலாமா என்று மழைக்காகம் நேரடியாகக் கேட்கவில்லையென்றாலும் அதைத்தான் நினைத்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பாடல்களுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பாம்படிலின் பாட்டை நானே கண்ணால் மேய்ந்துவிட்டுப் போனவன். ஆனால் குதிரைவீரர்களான ரோஹன் நாட்டவரின் பாடல்களை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். டோல்கீன் 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். அந்த மொழியின் செய்யுளில் எதுகையோ இயைபோ முக்கியமன்று. நம் மோனைதான் அதன் உயிர். ஓர் அடியில் நான்கு அழுத்தங்கள் வரும். அவற்றில் முதல் மூன்றும் ஒரே ஒலியில் தொடங்கலாம், நான்காவது மாறியாக வேண்டும். தியோடன் மன்னன் போருக்குப் புறப்படுவதைப் பாடும் செய்யுளின் முதல் அடியில் டார்க், டன்ஹாரோ, டிம் என்று மூன்று டகரங்கள் வந்து, நான்காவதாக மார்னிங் என்று மாறுகிறது. தமிழ்ச் சொல் டகரத்தில் தொடங்காது என்பதை மறந்துவிட்டால், இது அப்பழுக்கில்லாத கூழை மோனை. அடுத்த அடியில் தேன், கேப்டன், தெங்கெல், சன் என்று ஒன்றாவதும் மூன்றாவதும் மட்டும் சேர்கின்றன. அது பொழிப்பு மோனை. பள்ளியில் யாப்பிலக்கணத்தைச் சபித்துக்கொண்டே படித்த எனக்கு, அது குதிரைக் குளம்பொலியாகக் கேட்டது இந்தப் புத்தகத்தில்தான்.

நடைமேடை எண் 3:

முகவுரையைத் தயங்காமல் தாண்டிவிடுங்கள், கடைசியில் படித்துக்கொள்ளலாம். சபை அத்தியாயத்தை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

திரைப்படம் பார்த்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. படம் எல்லாக் கதைகளையும் மாற்றி மாற்றிக் காட்டும். நூல் அப்படிச் செய்யாது. மூன்றாம் பாகம் முழுவதும் ஃப்ரோடோவைக் காண முடியாது. நான்காம் பாகம் முழுவதும் அரகோர்ன் இல்லை. இதை அமைப்புக் கோளாறு என்று நானும் நினைத்திருந்தேன். பிறகு ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். எதிரியின் தூதன் கறுப்பு வாயிலுக்கு வெளியே வந்து, ஃப்ரோடோவின் வெள்ளிக் கவசத்தையும் சாமின் குறுவாளையும் எடுத்துக் காட்டுகிறான். ஃப்ரோடோ எதிரிகளிடம் சிக்கியதோடு நான்காம் பாகம் முடிந்துவிட்டதால், அவன் தப்பினானா என்பது அங்கே நிற்கும் மந்திரவாதி கேண்டால்ஃபுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கதையை மாற்றி மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த நெஞ்சடைப்பு கிடைத்திருக்காது.

பழைய அலமாரி:

உப்பளம் அவர்களுக்கு: ஓர்க்குகள் பற்றிய உங்கள் கேள்வி டோல்கீனையும் விடவில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு ஆன்மா உண்டா, பிறவியிலேயே மீட்சியற்ற ஓர் இனம் இருக்க முடியுமா என்றெல்லாம் பிற்காலத்தில் திரும்பத் திரும்பக் குறிப்புகள் எழுதினார். ஒவ்வொன்றிலும் விடை வேறு. அவை மகன் கிறிஸ்டோஃபரின் பதிப்பில் வெளிவந்திருக்கின்றன. இது உங்களுக்கு மறுப்பு ஆகாது என்பதும் தெரியும்; 1954-55-இல் அச்சான நூலில் அந்தத் தயக்கத்தைக் காண முடியவில்லை.

உப்பளம்:

ஒப்புக்கொள்கிறேன். நான் இரண்டாம் முறை படித்ததற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: திரைப்படம் விட்டுவிட்ட, ஹாபிட்கள் ஊர் திரும்பும் அத்தியாயம். உலகைக் காப்பாற்றிவிட்டு வருகிறவர்களின் ஊரில் மரங்கள் வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. அங்கே நடக்கும் சிறு போரில் 19 ஹாபிட்கள் சாகிறார்கள். ஃப்ரோடோ வாளை உருவவே இல்லை. அதன் பிறகும் காயம்பட்ட நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது அவனுக்கு நோவு வந்துவிடுகிறது. வெற்றி விழாவோடு முடித்திருந்தால் நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

மழைக்காகம்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு முகவுரையை விட்டுவிட்டு, பாம்படில் வீட்டு அத்தியாயத்தைத் தேடி எடுத்து, வாளுக்காகப் படிக்கத் தொடங்கினேன். அணிந்தவரை மறையவைக்கும் அந்த மோதிரத்தை அவர் வாங்கிச் சுண்டுவிரல் நுனியில் மாட்டி மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், மறையவில்லை. இதைப் போன முறை படித்த நினைவே எனக்கு இல்லை. பாட்டு வரும் என்ற அச்சத்தில் பக்கங்களைப் புரட்டியிருக்கிறேன் போலும்.

உப்பளம், அந்த இரண்டு ஓர்க்குகள் பேசிக்கொள்வது எத்தனையாவது அத்தியாயம்?

உப்பளம்:

நான்காம் பாகத்தில் பத்தாவது. உங்களுக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது.