சென்னையின் எஃப்சி: மொத்தமாகக் கலைப்பதா, இழை இழையாகப் பிணைப்பதா?

அம்மாபேட்டை தறி:

போன ஞாயிறு காலை சேலம் காந்தி மைதானத்தில் ஆடி முடித்து டீ குடிக்கும்போது ஆரம்பித்த சண்டை இது. அங்கே தீரவில்லை, இங்கே கொண்டு வருகிறேன்.

நம் கால்பந்து அணி சென்னையின் எஃப்சி, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) 2024-25 சீசனை 13 அணிகளில் 11ஆம் இடத்தில் முடித்தது. சேலத்திலிருந்து 340 கிலோமீட்டர் போய் ஆட்டம் பார்த்துவிட்டு, விசில் ஊதியதும் சென்ட்ரலுக்கு ஓடி, ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்து விடியற்காலையில் ஜங்ஷனில் இறங்குகிற எங்களுக்கு அந்த 11 ரொம்பவே வலித்தது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் "மொத்தமாகக் கலைத்துவிட்டுப் புதுசாக ஆரம்பிக்கட்டும்" என்கிறார்கள். நான் கூடாது என்கிறேன்.

காரணம், நம் அணி ஏற்கெனவே பலமுறை கலைந்த அணி. 2020-21இல் சாபா லாஸ்லோ, 2021-22இல் பாண்டோவிச், 2022-23இல் பிர்டாரிச். மூன்று சீசன், மூன்று கோச், மூன்று முறையும் எட்டாம் இடம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆளைக் கேட்டார், முன்னவர் எடுத்த ஆளை ஓரம் கட்டினார். இதற்கு நடுவே யாரை இழந்தோம் என்று பாருங்கள். விங்கர் (ஓர ஆட்டக்காரர்) சாங்டே 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார், அடுத்த சீசனிலேயே லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கினார். கோல்கீப்பர் விஷால் கைத் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போய் அதே 2022-23இல் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை வாங்கினார், கோப்பையும் தூக்கினார். அடுத்த வருஷம் நடுக்கள வீரர் அனிருத் தாபாவும் அதே மோகன் பகானுக்கு. கோல்கீப்பர், நடுக்களம், விங் என்று ஓர் அணியின் முதுகெலும்பே பதினெட்டு மாதத்துக்குள் போய்விட்டது.

எங்கள் வீட்டில் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) தீர்ந்தால் தறியைப் பிரித்துப் போட மாட்டார்கள். பழைய பாவின் நுனி, இழைகள் நுழைந்து வருகிற விழுதிலும் அச்சிலும் அப்படியே நிற்கும். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனியோடு பிணைப்பார்கள். கண்ணும் விரலும் நோகிற வேலைதான். ஆனால் பழைய நுனியை அறுத்து எறிந்துவிட்டால் ஆயிரக்கணக்கான இழையை முதலிலிருந்து விழுதில் கோக்க வேண்டும். நம் அணி மூன்று வருஷமாகச் செய்தது அதைத்தான்.

ஏற்காடு காப்பிக்காடு:

தம்பி, தறி உதாரணம் நல்லா இருக்கு. ஆனால் நான் இருபது வருஷமாகக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவன், என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

அராபிகா செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு விழுந்தால் இலை கொஞ்ச நாள் பச்சையாகத்தான் இருக்கும், காயும் இருக்கும். உள்ளே தண்டு முழுக்கச் சுரங்கம். "இந்த வருஷம் ஒரு பறிப்பு பார்த்துவிடலாம்" என்று விட்டால், வண்டு வெளியே பறக்கிற ஏப்ரல்-மே வந்ததும் பக்கத்துச் செடியெல்லாம் போச்சு. பறக்கும் முன்னாலேயே வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். மனசு வராது, ஆனாலும் செய்துதான் ஆக வேண்டும்.

தோற்றுப் பழகிய அணியும் அப்படித்தான். நீ சொல்கிற முதுகெலும்பு தோல்விக்குப் பழகியிருந்தால், புதிதாக வருகிற பையனும் அதையேதான் கற்றுக்கொள்வான்.

கலைத்துக் கட்டி ஜெயித்தவர்கள் இல்லையா? 2020இல் மும்பை சிட்டி என்ன செய்தது? கோச் லொபேராவைக் கோவாவிலிருந்து கொண்டுவந்தது. கூடவே அங்கே ஆடிய ஃபால், ஜாஹூ, பூமூஸ், மந்தார் ராவ் தேசாய். முதல் சீசனிலேயே ஷீல்டும் (லீக் முதலிடத்துக்கு) கோப்பையும் (ஃபைனல் வெற்றிக்கு). அவ்வளவு தூரம் எதற்கு, நம்முடைய 2019ஐப் பார். 2017-18இல் பெங்களூரில் போய் பெங்களூரை 3-2 என்று சாய்த்துச் சாம்பியன் ஆனோம். அந்தச் சந்தோஷத்தில் பெரிதாக ஒன்றையும் மாற்றவில்லை. அடுத்த சீசன் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். அப்புறம்தான் கத்தியை எடுத்தார்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, கோயான், ஷெம்ப்ரி எல்லாரும் அந்தக் கோடையில் வந்த புது ஆட்கள். சாங்டேயும் கைத்தும் கூட அப்போது வந்தவர்கள்தான். அந்த சீசன் ஃபைனல் போனோம். வால்ஸ்கிஸ் 15 கோல். இதற்கு என்ன பதில்?

அஸ்தம்பட்டி 11:

இரண்டு பேருமே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். அண்ணா, 2019-20 அணி புது அணி என்பது சரி. ஆனால் அந்தப் புது அணி முதல் 6 ஆட்டத்தில் எடுத்தது 5 புள்ளி, ஒரே ஒரு வெற்றி. கோச் ஜான் கிரிகரி விலகினார், டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அதே வீரர்கள், மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி. நாலாம் இடம், அரையிறுதியில் கோவாவை மொத்தம் 6-5 என்று வென்றது, ஃபைனல்.

அப்படியானால் ஆளை மாற்றியதா பலித்தது, கோச்சை மாற்றியதா? நான் அந்த சீசனில் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்குப் படிக்காமல் செமிஃபைனல் பார்த்தவள். ஆட்டத்துக்கு ஆட்டம் அணி மாறியது கண்ணுக்கே தெரிந்தது: பந்தைப் பறித்த அடுத்த நொடி முன்னால் போனார்கள், சாங்டேக்கு ஓட இடம் கிடைத்தது.

சீசன் முடிந்தது. காயில் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸையும் கூட்டிக்கொண்டு போனார். கோச்சுக்கு எத்தனை வருஷம் கொடுப்பது என்று முடிவு செய்யாமல் வீரர்களைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை என்பது என் கட்சி.

அம்மாபேட்டை தறி:

அண்ணா, மும்பையைப் பற்றிச் சொல்கிறேன். அது வெறும் தரையில் கட்டியது இல்லை. ஃபால், ஜாஹூ, பூமூஸ், மந்தார் நாலு பேரும் கோவாவில் அதே கோச்சிடம் சேர்ந்து ஆடி லீக்கில் முதலிடம் பிடித்தவர்கள். ஓர் அணியின் முதுகெலும்பை அப்படியே தூக்கிவந்து இன்னொரு உடம்பில் வைத்தார்கள். ஏற்கெனவே கோத்த பாவை விலைக்கு வாங்கியது மாதிரி. அதற்குப் பின்னால் 2019இல் வந்த, மான்செஸ்டர் சிட்டியை வைத்திருக்கும் சிட்டி குழுமத்தின் பணம் இருந்தது. நமக்கு அந்தப் பணம் இல்லை.

அதைவிட முக்கியமான இன்னொன்று. 2014இல் லீக் ஆரம்பித்தபோது களத்தில் 6 வெளிநாட்டவர் ஆடலாம், 5 இந்தியர் போதும். 2017-18இலிருந்து 5 பேர். 2021-22இலிருந்து 4 பேர்தான். இப்போது களத்தில் குறைந்தது 7 இந்தியர். நம் வெளிநாட்டு முன்கள வீரர் மெண்டோசா 13 கோல் அடித்து 2015 கோப்பையைக் கொண்டுவந்த காலத்தில், நல்ல ஆறு வெளிநாட்டவரைப் பிடித்தால் பாதி அணி தயார். அந்தக் கணக்கு இன்றைக்கு ஓடாது. வெளிநாட்டு வீரரை எட்டு வாரத்தில் பிடித்துவிடலாம். சாங்டே தரத்தில் ஓர் இந்திய விங்கர் நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவரை விட்டால் திரும்ப எங்கே வாங்குவது? கலைப்பதாக இருந்தால் வெளிநாட்டவரில் கலையுங்கள், சண்டை போட மாட்டேன். இந்திய வரிசையில் கை வைக்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது.

அப்புறம் துளைப்பான் விழுந்த செடியை எரிக்கிறீர்கள், சரி. தோட்டத்தையே எரிப்பதில்லையே. நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை வெட்டுவதும் இல்லை.

சூரமங்கலம் கோலி:

வாரக் கடைசியில் பையன்களுக்கு கோல்கீப்பிங் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் கைத் போன வலி எனக்கு உங்களைவிடக் கொஞ்சம் அதிகம். 2024-25இலும் தங்கக் கையுறை அவருக்குத்தான்.

நான் சொல்ல வருவது ஒப்பந்தக் கணக்கு. ஒப்பந்தத்தில் கடைசி ஆறு மாதம் வந்துவிட்டால் வீரர் எந்த கிளப்புடனும் பேசி முன்கூட்டியே கையெழுத்துப் போடலாம், நம் கிளப்புக்கு ஒரு பைசா வராது. உலகம் முழுக்க இதுதான் விதி. அதனால் நல்ல இந்திய வீரரிடம் கடைசி வருஷம் தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். இருக்கிறேன் என்றால் நீட்டிப்பு. போகிறேன் என்றால் அப்போதே விற்று, அந்தக் காசில் இரண்டு இருபது வயதுப் பையன்களை வாங்கு. ஆறு மாதம் இருக்கும்போது யோசிக்க ஆரம்பிக்கிற கிளப் எப்போதும் இன்னொருவருக்காகத்தான் ஆள் வளர்க்கும்.

இரண்டாவது, ஒரே ஆளை நம்பிக் கட்டாதீர்கள். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு மைதானத்தில் சென்னை சிட்டி (இது வேறு கிளப்) மினர்வாவை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் சாம்பியன் ஆனபோது நான் கேலரியில் இருந்தேன். என் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள். அந்த சீசன் பெத்ரோ மான்சி 21 கோல். அடுத்த சீசன் பாதியில் அவர் ஜப்பானுக்குப் போனார். அவருடைய இடத்துக்கு ஆள் தயாராக இல்லை, அந்த அணி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஹைதராபாத்தை யாரும் பேசவில்லையே? 2019-20இல் 10 புள்ளியோடு கடைசி. மனோலோ மார்க்கேஸ் வந்தார். ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய் மாதிரிப் பெயர் தெரியாத பையன்களை இறக்கினார். 2020-21இல் ஐந்தாம் இடம், 2021-22இல் சாம்பியன். அடுத்து 2022-23இல் லீக்கில் இரண்டாம் இடம். அப்புறம் பணப் பிரச்சினை வந்தது, வீரர்கள் கிளம்பினார்கள், 2023-24இல் மறுபடி கடைசி. எவ்வளவு அழகாகக் கட்டினாலும் மாதச் சம்பளம் நின்றால் எல்லாம் போய்விடும். இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது.

ஏற்காடு காப்பிக்காடு:

ஹைதராபாத் என் பக்கம் சேர வேண்டிய உதாரணம். கடைசி இடம் வந்ததும் கோச்சையும் வெளிநாட்டு வரிசையையும் மாற்றி, பின்வரிசையில் பெரிய பெயர் எதையும் தேடாமல் பையன்களை நம்பினார்கள். எது செத்தது என்று பார்த்து தைரியமாகப் பிடுங்கினார்கள்.

அதோடு நம் லீக்கில் 2024-25 வரை கீழிறக்கம் என்பதே இல்லை. இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ ஒரு வருஷம் கடைசியில் நின்றால் கீழ்ப் பிரிவு, டிவி பணம் போச்சு, கிளப்பே ஆட்டம் காணும். இங்கே 11ஆம் இடமும் 13ஆம் இடமும் ஒன்றுதான். பையன்களை இறக்கி ஒரு வருஷம் அடிவாங்க இதைவிட நல்ல இடம் உண்டா? நாம் என்ன செய்கிறோம்? வேறு கிளப்பில் ஆடி முடித்தவரை 2 வருஷத்துக்குக் கூட்டிவந்து ஏழாவது எட்டாவது இடத்துக்குப் போராடுகிறோம். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிசா என்று அலைந்து வளர்ந்தார். 2023 டூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக அவர் போட்ட கோலை ஊரே கொண்டாடியது. அந்தக் கோல் நம் நீலச் சட்டையில் விழுந்திருக்க வேண்டாமா? அவருக்கு இடம் இல்லாமல் போனதற்கு நீ சொல்கிற பொறுமையும் ஒரு காரணம், தம்பி.

அம்மாபேட்டை தறி:

நந்தகுமார் விஷயத்தில் எனக்கும் ஆற்றாமை உண்டு. அதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் "ஒரு வருஷம் அடிவாங்கலாம்" என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் ஆடிய ஊர் அணி ஒன்றில் முப்பது தாண்டிய ஏழு பேரை ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்களை மட்டும் இறக்கினார்கள். நான் அந்தப் பையன்களில் ஒருவன். முதல் நாலு ஆட்டத்தில் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டோம். கார்னர் வந்தால் யார் யாரைப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. 0-2 ஆகும்போது "அமைதியா இருங்கடா, இன்னும் அரை மணி நேரம் இருக்கு" என்று சொல்ல ஒரு குரல் இல்லை. வருஷ முடிவில் எங்களில் ஆறு பேர் பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள் பிறகு மாட்டவே இல்லை. அதில் ஒருவன் என்னைவிட நல்ல ஆட்டக்காரன். இப்போதும் அவனைக் கடைவீதியில் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

லீக்கில் கீழிறக்கம் இல்லாமல் இருக்கலாம் அண்ணா. பையனுக்கு உண்டு.

அஸ்தம்பட்டி 11:

ஜாம்ஷெட்பூரையும் சேர்த்துப் பாருங்கள். 2021-22இல் காயில் அங்கே ஷீல்டு வாங்கினார். உடனே காயில் போனார், கிரெக் ஸ்டூவர்ட் மும்பைக்குப் போனார். அடுத்த சீசன் 11 அணியில் பத்தாவது. அந்த அணி பையன்களால் தோற்கவில்லை, கிழவர்களாலும் தோற்கவில்லை. அடுத்த கோச் யார், அவர் எந்த மாதிரி ஆடுவார் என்பது முந்தைய அணி கலையும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

காயில் மறுபடி நம்மிடம் 2023இல் வந்தார். முதல் வருஷம் ஆறாம் இடம், பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1 என்று தோல்வி. எனக்கு அது போதுமான ஆரம்பமாகப் பட்டது. அடுத்த கோடையில் வில்மார் ஜோர்டான், சீமா, எல்சின்யோ, பிராம்பிலா என்று வெளிநாட்டவர் ஒரு வரிசையே வந்தது. முடிவு 11ஆம் இடம். அந்த ஆறாம் இட அணியில் மூன்று பேரை மட்டும் மாற்றியிருந்தால் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சூரமங்கலம் கோலி:

காப்பிக்காட்டு அண்ணனுக்கு நேராக ஒரு கேள்வி. நாளைக்கே உங்களிடம் அணியைக் கொடுத்தால் முதல் கோடையில் எத்தனை பேரை அனுப்புவீர்கள்? "மொத்தமாக" என்று சொல்லாமல் எண்ணிக்கை சொல்லுங்கள்.

ஏற்காடு காப்பிக்காடு:

சரி, சொல்கிறேன். ராத்திரி முழுக்க யோசித்தேன், தம்பி சொன்ன அந்தக் குரல் விஷயம் மனசில் நிற்கிறது.

ஒப்பந்தத்தில் உள்ள வெளிநாட்டவர் 6 பேரில் 5 பேர் போகலாம். ஒருவர் இருக்கட்டும், டிஃபென்ஸில் நின்று பேசுகிறவராக. கீப்பரைத் தொட மாட்டேன், கோலி தம்பி சொன்னபடி அவருக்கு முதல் நாளே நீட்டிப்பு. இந்தியரில் 25 வயதுக்குக் கீழே சீசனில் பாதி ஆட்டத்துக்கு மேல் ஆடிய யாரையும் விட மாட்டேன், எவ்வளவு காசு கேட்டாலும். கோச்சுக்கு மூன்று வருஷம், அதில் அஸ்தம்பட்டிப் பொண்ணு சொல்வது நியாயம்.

ஆனால் நடுக்களத்தில் முப்பது தாண்டியவர் நாலு பேர் இருந்தால் மூன்று பேரை அதே கோடையில் அனுப்புவேன். இரண்டு வருஷத்துக்குப் பிரித்துப் பிரித்து அனுப்புவதற்கு இன்னமும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த இடம் காலியானால்தான் பையன் இறங்குவான்.

அம்மாபேட்டை தறி:

மூன்று என்பதை இரண்டு ஆக்குங்கள், உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.