புதுப்பிப்பு: உதவித்தொகையோடு இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது (மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு)

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவனுக்குச் சம்பளம் தரும் இன்டர்ன்ஷிப் எப்படிக் கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "ஹெச்ஆரை விடுங்க, டிசைன் டீமில் இருக்கும் பொறியாளருக்கே நேராக எழுதுங்க" என்ற யோசனைதான். வேலைவாய்ப்புத் தளங்களில் போட்டவற்றுக்குப் பதிலே இல்லை. மெயிலோடு, நான் வரைந்த கியர்பாக்ஸ் உறையின் ஆட்டோகேட் (கணினியில் வரையும் மென்பொருள்) வரைபடத்தை, டாலரன்ஸையும் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) அதில் குறிப்பிட்டு இணைத்திருந்தேன். நேர்காணல் முழுக்க அதைச் சுற்றியேதான். "பேரிங் உட்காரும் துளைக்கு ஏன் இந்த ஃபிட்?" (அதாவது, ஏன் இந்த அளவு இறுக்கம்) என்று குடைந்துவிட்டார்கள். ரெஸ்யூமேயை யாரும் புரட்டியதாகவே தெரியவில்லை.

எதிர்பாராதது: ஆஃபர் கடிதத்துக்கு முன்பே கல்லூரியின் தடையில்லாச் சான்று கேட்டார்கள். இழுத்தடித்தது அதுதான். அப்புறம், ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருப்பதால் அங்கே வரைவதைக் கல்லூரி ரிப்போர்ட்டில் அப்படியே போட முடியாது. எதைப் போடலாம் என்பதைச் சேரும்முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.